வரி குறைந்தபோது ஆக்சிஸ் வங்கி ஏன் நஷ்டம் காட்டியது?

கேள்வி இதுதான்: 2019-இல் மத்திய அரசு கம்பெனிகளுக்கான வருமான வரியைக் குறைத்தது, பங்குச் சந்தை துள்ளிக் குதித்தது, ஆனால் அதே காலாண்டில் ஆக்சிஸ் வங்கி நஷ்டம் காட்டிவிட்டு அதற்கு வரி மாற்றத்தைக் காரணமாகச் சொன்னது. வரி குறைந்ததால் எப்படி நஷ்டம் வரும்? இப்படி ஒரு சீர்திருத்தம் ஒரு கம்பெனியின் வரிக் கணக்கில் எங்கெல்லாம் கை வைக்கிறது?

கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். கோவைப் பக்கம் பல வருடங்களாக மில்களுக்கும் பம்பு கம்பெனிகளுக்கும் கணக்குத் தணிக்கை செய்பவன் நான். அந்த 2019 செப்டம்பர் மாதத்தை மறக்க முடியாது.

முதலில் நடந்தது என்ன என்பதை நினைவுபடுத்திக் கொள்வோம். 2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்காகக் கோவா போயிருந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அங்கிருந்தே அறிவித்தார். அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் 115பிஏஏ என்று ஒரு புதுப் பிரிவு. விலக்குகள், சலுகைகளை எல்லாம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும் கம்பெனிக்கு வரி 22 சதவீதம். அந்த வரித் தொகையின் மேல் 10 சதவீத சர்சார்ஜ், இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 4 சதவீத செஸ் என்று கூடுதல் வரிகளைச் சேர்த்தால் மொத்தம் 25.168 சதவீதம். அதுவரை பெரிய கம்பெனிகள் கட்டிக்கொண்டிருந்தது 30 சதவீதமும் அதன் மேல் 12 சதவீத சர்சார்ஜும் செஸ்ஸும், அதாவது 34.944. கிட்டத்தட்ட பத்து சதவீதப் புள்ளி ஒரே நாளில் இறங்கியது. அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அவர்களே சொன்னார்கள். அன்று மட்டும் சென்செக்ஸ் 1,921 புள்ளிகள் ஏறியது.

சந்தை ஏறியது சரியே. இனி வரும் லாபத்தில் கம்பெனிக்கு மிஞ்சுவது கூடும். ஆனால் கணக்குப் புத்தகத்தில் இனி வரும் வரி மட்டும் இல்லை, பழைய வருடங்களிலிருந்து தூக்கிக்கொண்டு வரும் வரியும் இருக்கிறது. அதற்கு டெஃபர்டு டாக்ஸ் என்று பெயர், தள்ளிப்போட்ட வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் முழுவதும் அங்கேதான்.

ஒரு இயந்திரத்தை வைத்துப் பார்க்கலாம். 2018 ஏப்ரலில் ஒரு மில் 10 கோடி ரூபாய்க்கு இயந்திரம் வாங்கிப் போடுகிறது. கம்பெனி தன் புத்தகத்தில் பத்து வருடத்துக்குச் சமமாகப் பிரித்துத் தேய்மானம் எழுதுகிறது, வருடத்துக்கு 1 கோடி. வருமான வரிக்காரர்களின் கணக்கு வேறு. அங்கே சாதாரணத் தேய்மானம் 15 சதவீதம், புது இயந்திரம் போட்டதற்காகக் கூடுதல் தேய்மானம் 20 சதவீதம், ஆக முதல் வருடமே 3.5 கோடி கழித்துக்கொள்ளலாம். புத்தகத்தை விட 2.5 கோடி அதிகம் கழித்தாயிற்று. அந்த 2.5 கோடிக்கு இந்த வருடம் வரி கட்டவில்லை. ஆனால் தப்பித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. பின்னால் வரும் வருடங்களில் வரிக் கணக்கில் தேய்மானம் குறைந்துபோகும், புத்தகத்தில் 1 கோடி ஓடிக்கொண்டே இருக்கும், அப்போது அந்த வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். அதனால் பேலன்ஸ் ஷீட்டில் அதைக் கடனாக எழுதி வைக்கிறோம். எவ்வளவு? 2.5 கோடியில் 34.944 சதவீதம், அதாவது 87.36 லட்சம்.

இப்போது விகிதம் 25.168 ஆகிவிட்டது. அந்தக் கடனைத் தீர்க்கும்போது கட்டப்போவது 62.92 லட்சம்தான். மீதி 24.44 லட்சம் ரூபாய் கடன் காற்றில் கரைந்துவிட்டது. கணக்கு விதிப்படி அதை அந்தக் காலாண்டிலேயே லாப நஷ்டக் கணக்கில் வரிச் செலவைக் குறைத்துக் காட்ட வேண்டும். ஒரு பைசா உள்ளே வரவில்லை, ஒரு மூட்டை நூல் கூடுதலாக விற்கவில்லை, ஆனால் லாபம் 24.44 லட்சம் கூடிவிட்டது. இப்படி நூறு இயந்திரம் இருக்கும் மில்லை நினைத்துப் பாருங்கள்.

இதை அப்படியே திருப்பிப் போட்டால் வங்கி. கடன் வாங்கியவர் கட்டமாட்டார் போலிருக்கிறது என்று தெரிந்ததும் வங்கி தன் புத்தகத்தில் ஒதுக்கீடு செய்துவிடும், அது செலவு. ஆனால் வருமான வரிச் சட்டம் அந்த ஒதுக்கீட்டை முழுவதும் அந்த வருடமே செலவாக ஏற்றுக்கொள்வதில்லை, அதற்கு வரம்பு உண்டு, மீதியைக் கடனை நிஜமாகவே தள்ளுபடி செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. ஆக வங்கி இன்றைக்கு அதிகமாக வரி கட்டுகிறது, நாளைக்குக் குறைவாகக் கட்டும். நாளைய அந்தச் சலுகை அதற்குச் சொத்து. 100 கோடி ஒதுக்கீட்டுக்கு 34.944 கோடி ரூபாய்ச் சொத்து புத்தகத்தில் நிற்கும். விகிதம் இறங்கியதும் அதே சொத்தின் மதிப்பு 25.168 கோடி. மீதி 9.776 கோடியைச் செலவாக எழுத வேண்டியதுதான், வேறு வழியில்லை.

ஜவுளிக்கடையில் அடுத்த முறை வரும்போது பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்று கூப்பன் கொடுப்பார்களே, அது மாதிரிதான். 35 ரூபாய் கழியும் என்று நினைத்துப் பர்ஸில் பத்திரமாக வைத்திருந்தீர்கள். கடைக்காரர் எல்லாத் துணியின் விலையையும் குறைத்துவிட்டு, கூப்பனுக்கு இனி 25 ரூபாய்தான் என்கிறார். வருங்காலத்தில் துணி மலிவு, சந்தோஷம். கையிலிருந்த கூப்பனில் 10 ரூபாய் போச்சு. கூப்பன் நிறைய வைத்திருந்தவர்தான் முதலில் முகம் சுளிப்பார்.

2019-க்கு முந்தைய சில வருடங்களில் இந்திய வங்கிகள் வாராக்கடனுக்காகக் கொட்டிய ஒதுக்கீடு கொஞ்சநஞ்சமல்ல. அதனால் அவர்களிடம் கூப்பன் கட்டுக் கட்டாக இருந்தது. செப்டம்பர் காலாண்டில் ஆக்சிஸ் வங்கி 2,138 கோடி ரூபாயை ஒருமுறை வரிச் செலவாக எழுதியது, நிகர நஷ்டம் 112 கோடி. அந்த ஒரு செலவு இல்லாவிட்டால் 2,026 கோடி லாபம். ஐசிஐசிஐ வங்கிக்கு இதே காரணத்தால் 2,920 கோடி அடி, லாபம் 655 கோடியில் வந்து நின்றது. இரண்டு வங்கிகளின் வியாபாரத்திலும் அந்தப் பத்து நாளில் எதுவும் கெட்டுப்போகவில்லை.

சரி, ஏன் அந்தக் காலாண்டிலேயே எழுத வேண்டும், கொஞ்சம் பொறுத்து எழுதக் கூடாதா என்று கேட்கலாம். வருமான வரிக்கான இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 12 சொல்வது, காலாண்டு அல்லது ஆண்டு முடியும் தேதியில் சட்டமாகிவிட்ட, அல்லது கிட்டத்தட்டச் சட்டமாகிவிட்ட விகிதத்தில் டெஃபர்டு டாக்ஸை அளக்க வேண்டும். வங்கிகள் இண்ட் ஏஎஸ்ஸுக்கு மாறவில்லை, பழைய தரநிலையான ஏஎஸ் 22-இல் இருக்கின்றன, அதுவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. அறிவிப்பு வந்த நாளிலேயே குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் பிறப்பித்துவிட்டார். நாடாளுமன்றம் பிறகு சட்டமாக்கி, ஒப்புதல் கிடைத்தது டிசம்பர் 11-இல்தான். ஆனாலும் அவசரச் சட்டமும் சட்டமே, அது செப்டம்பர் 30-க்கு முன்பே வந்துவிட்டது, எனவே செப்டம்பர் காலாண்டிலேயே கணக்கில் ஏற வேண்டும். வெறும் அறிவிப்பாக வந்து மசோதா டிசம்பரில் நிறைவேறியிருந்தால் ஆக்சிஸ் அந்தக் காலாண்டில் லாபம் காட்டியிருக்கும், நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இந்தத் தேதி விஷயம் எல்லா நாட்டிலும் உண்டு, அங்கங்கே விதி கொஞ்சம் மாறும். அமெரிக்காவில் டிரம்ப் 35 சதவீதத்தை 21 ஆக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டது 2017 டிசம்பர் 22. அங்கே கையெழுத்தான நாள்தான் கணக்கு, வரி அமலுக்கு வருவது 2018 ஜனவரி 1-இலிருந்து என்றாலும் டிசம்பர் 31-இல் ஆண்டு முடிக்கும் கம்பெனி அந்த ஆண்டிலேயே எழுத வேண்டும். கிறிஸ்துமஸ் நேரத்தில் ஒன்பது நாள் அவகாசம். பாவம் என்று அங்குள்ள பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் அதே நாளில் ஒரு சுற்றறிக்கை விட்டு, இப்போதைக்கு மதிப்பீடாகப் போடுங்கள், ஒரு வருடத்துக்குள் சரி செய்துகொள்ளலாம் என்றது. 2008 நெருக்கடிக் கால நஷ்டங்களை வருங்கால வரியில் கழிக்கும் கூப்பனாக வைத்திருந்த சிட்டிகுரூப் வங்கி சுமார் 2,200 கோடி டாலர் செலவு எழுதி, அந்தக் காலாண்டில் 1,830 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. மறுபக்கம் வாரன் பஃபெட்டின் முதலீட்டு நிறுவனமான பெர்க்ஷயர், ஏறிக் கிடந்த பங்குகள் போன்ற சொத்துகளின் மீது எழுதி வைத்திருந்த தள்ளிப்போட்ட வரி குறைந்ததால் 2,900 கோடி டாலர் லாபம் காட்டியது. இது நாங்கள் சம்பாதித்ததில்லை என்று பஃபெட்டே பங்குதாரர்களுக்குச் சொல்லிவிட்டார். நம்மூரில் அப்படி வெளிப்படையாகச் சொன்னவர்கள் குறைவு, தலைப்பில் லாப வளர்ச்சியைப் போட்டுவிட்டு விஷயத்தைக் குறிப்பு எண் 5-இல் பொடி எழுத்தில் வைத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

டெஃபர்டு டாக்ஸை விடுங்கள், நடப்பு வருட வரியிலேயே ஒரு விசித்திரம் நடந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் பங்கு வாங்கியவர்கள் உண்டு. புது விகிதம் 2019 ஏப்ரல் 1-இலிருந்தே செல்லும். ஆனால் ஜூன் காலாண்டு முடிவுகளை ஜூலை ஆகஸ்டில் வெளியிட்டபோது இது யாருக்கும் தெரியாது, எல்லோரும் 34.944-இல் வரி போட்டுவிட்டார்கள். செப்டம்பர் காலாண்டில் அரையாண்டுக்கே சேர்த்துத் திருத்த வேண்டும். காலாண்டுக்கு 100 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் காலாண்டில் போட்ட வரி 34.94. அரையாண்டுக்குச் சரியான வரி 200 ரூபாய்க்கு 50.34. ஆகவே இரண்டாவது காலாண்டில் போட வேண்டியது வெறும் 15.39. முடிவுகளைப் பார்ப்பவருக்கு இந்தக் கம்பெனி 15 சதவீதம்தான் வரி கட்டுகிறது போலிருக்கிறது என்று தோன்றும். அந்தக் காலாண்டு லாபத்தை நாலால் பெருக்கி வருட லாபம் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

பணம் எப்போது மிச்சமானது என்பது இன்னொரு கதை. முன்கூட்டிய வரியின் இரண்டாம் தவணைக் கெடு செப்டம்பர் 15. அதற்குள் வருட வரியில் 45 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். எல்லோரும் பழைய விகிதத்தில் கட்டி முடித்த ஐந்தாம் நாள் அறிவிப்பு வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு நிதி மேலாளர் அன்று மாலை ஃபோனில், சார் ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா என்று கிட்டத்தட்ட அழுதார். கட்டிய பணம் எங்கும் போய்விடாது, டிசம்பர் தவணையில் குறைத்துக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் வட்டிக்குப் பணம் வாங்கி வரி கட்டியவருக்கு மூன்று மாதம் மூன்று மாதம்தான்.

இனி உண்மையிலேயே மூளையைக் கசக்க வேண்டிய இடம். 115பிஏஏ கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டால் மாறலாம். எந்த வருடம் வேண்டுமானாலும் மாறலாம், ஆனால் மாறிவிட்டால் திரும்பி வர முடியாது. மாறுவதற்கு விலையும் உண்டு. கூடுதல் தேய்மானம் கிடையாது, ஆராய்ச்சிச் செலவுக்கு உண்டான சிறப்புச் சலுகை கிடையாது, மின் உற்பத்தி போன்ற தொழில்களின் லாபத்துக்கான 80-ஐஏ மாதிரிக் கழிவுகள் கிடையாது. கொங்குப் பகுதி மில்களில் பல, ஆரல்வாய்மொழிப் பக்கமோ பல்லடம் உடுமலைப் பக்கமோ காற்றாலை போட்டு அந்த 80-ஐஏ கழிவை அனுபவித்துக் கொண்டிருந்தன. இதற்கெல்லாம் மேலாக மேட் கிரெடிட்.

மேட் என்பது குறைந்தபட்ச வரி. சலுகைகளைக் கழித்துக் கழித்து வரியே இல்லை என்று ஆக்கிவிடாமல், புத்தக லாபத்தில் இத்தனை சதவீதமாவது கட்டு என்று வாங்குவது. அப்படி அதிகமாகக் கட்டியதைக் கிரெடிட்டாக வைத்துக்கொண்டு, பின்னால் வழக்கமான வரி கூடும்போது பதினைந்து வருடத்துக்குள் கழித்துக்கொள்ளலாம் என்பது அப்போதைய விதி. புதுப் பிரிவுக்கு மாறினால் மேட் இல்லை. அப்படியானால் பழைய கிரெடிட்? முதல் பத்து நாள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அக்டோபர் 2-ஆம் தேதி நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டது: மாறினால் கிரெடிட்டும் போய்விடும். காந்தி ஜெயந்தி விடுமுறையன்று வந்த அந்தச் சுற்றறிக்கையால் பல கம்பெனிகளின் திட்டமே தலைகீழானது.

ஒரு கணக்கைப் பாருங்கள், எண்களை எளிமைக்காக நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு மில்லுக்கு வருடம் 20 கோடி லாபம், வரிக்குரிய வருமானமும் அதே 20 கோடி, கையில் மேட் கிரெடிட் 12 கோடி. பழைய முறையிலேயே இருந்தால் வழக்கமான வரி 6.99 கோடி. கிரெடிட்டைக் கழிக்கலாம், ஆனால் மேட் தொகைக்குக் கீழே இறங்க முடியாது. அதே அறிவிப்பில் மேட் விகிதத்தையும் 18.5-இலிருந்து 15 ஆக்கியிருந்தார்கள், சர்சார்ஜ் செஸ்ஸோடு 17.472, அதாவது 3.49 கோடி. ஆக வருடம் 3.49 கோடி கிரெடிட்டைப் பயன்படுத்திக்கொண்டு 3.49 கோடி பணமாகக் கட்டலாம். புது முறைக்கு மாறினால் கட்ட வேண்டியது 5.03 கோடி. எனவே பழையதிலேயே இருப்பது வருடத்துக்கு 1.54 கோடி லாபம். மூன்று வருடம் இப்படி ஓடும், 10.48 கோடி கிரெடிட் தீர்ந்திருக்கும், மிச்சம் 1.52 கோடி.

நாலாவது வருடம்தான் வேடிக்கை. பழையதிலேயே இருந்து மிச்சக் கிரெடிட்டையும் கழித்தால் கட்ட வேண்டியது 5.47 கோடி. மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசுக்கு மாறினால் 5.03 கோடி. அதாவது கையில் இருக்கும் ஒன்றரைக் கோடி கிரெடிட்டை விட்டுவிடுவதுதான் 44 லட்சம் லாபம். இதை முதலாளிகளுக்கு ஒப்புக்கொள்ள வைப்பது இருக்கிறதே, அது தனி வித்தை. கட்டின பணத்தை விடுவதா என்பார்கள். கட்டிய பணம் கட்டியதுதான், இனி கட்டப்போவது எதில் குறைவு என்று மட்டும் பாருங்கள் என்று காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கும்.

இந்த முடிவு அப்படியே 2019-20 கணக்கில் வந்து உட்காரும், கவனியுங்கள். மூன்று வருடம் கழித்து மாறப்போகிறோம் என்று நிர்வாகம் தீர்மானித்துவிட்டால், பயன்படப்போகாத அந்த 1.52 கோடி கிரெடிட்டை இப்போதே செலவாக எழுத வேண்டும், மூன்று வருடம் ஓட்ட முடியாது. டெஃபர்டு டாக்ஸையும் இரண்டாக உடைக்க வேண்டும். முதல் மூன்று வருடத்தில் தீரப்போகும் வித்தியாசங்களுக்கு 34.944, அதன் பிறகு தீரப்போவதற்கு 25.168. இதற்கு ஒவ்வொரு இயந்திரத் தொகுதியும் எந்த வருடம் எவ்வளவு தீரும் என்று அட்டவணை போட வேண்டும். எக்ஸலில் ஒரே செல்லில் விகிதத்தை மாற்றி முடித்துவிட்ட கணக்கர்களிடம் நான் அதிகம் சண்டை போட்டது இந்த இடத்தில்தான். அடுத்த வருடம் லாபம் எதிர்பார்த்ததைவிட ஏறினாலோ, கொரோனா மாதிரி ஏதாவது வந்து இறங்கினாலோ, கிரெடிட் தீரும் வருடம் மாறும், அட்டவணையும் மாறும், மறுபடி ஒரு பதிவு. இது ஒருமுறை போட்டு மூடி வைக்கும் கணக்கில்லை.

எல்லாத் திருத்தமும் லாப நஷ்டக் கணக்குக்கே போகும் என்றும் நினைக்க வேண்டாம். முதலில் அந்த வரி எந்த வாசல் வழியாக உள்ளே வந்ததோ அதே வாசல் வழியாகத்தான் திருத்தமும் போக வேண்டும். பணிக்கொடை மதிப்பீட்டில் வரும் லாப நஷ்டத்தை இண்ட் ஏஎஸ் கம்பெனிகள் பிற விரிவான வருமானம் என்ற தனிப் பகுதியில் காட்டுகின்றன. அதன் மீதான டெஃபர்டு டாக்ஸ் மாறினால் அந்த மாற்றமும் அங்கேதான்.

நிலத்தை மறுமதிப்பு செய்து உயர்த்திக் காட்டியிருந்தாலும் அப்படியே, கூடவே ஒரு பொறி. நிலத்தை விற்றால் 22 சதவீதம் கிடையாது, நீண்டகால மூலதன ஆதாய வரி, அப்போது 20 சதவீதம். அதனால் நிலத்துக்கான டெஃபர்டு டாக்ஸை 25.168-க்கு இறக்கினால், சாரி ஏற்றினால், தவறு. சர்சார்ஜ் 12-இலிருந்து 10 ஆனதால் மட்டும் 23.296 என்பது 22.88 ஆகும், அவ்வளவுதான். சின்ன வித்தியாசம், ஆனால் நூறு கோடி நிலத்துக்குச் சின்னதில்லை.

மூலதன ஆதாயம் என்றதும் 2024 ஞாபகம் வருகிறது. அந்த ஜூலை பட்ஜெட்டில் உள்நாட்டுக் கம்பெனிகளின் வரி விகிதத்தைத் தொடவே இல்லை. ஆனால் ஜூலை 23-இலிருந்து நீண்டகால ஆதாய வரி 12.5 சதவீதம், பணவீக்கத்துக்காக அடக்க விலையை ஏற்றிக்கொள்ளும் இண்டெக்சேஷன் இனி இல்லை என்றார்கள். 20 சதவீதம் 12.5 ஆனது நல்லதுதானே என்று தோன்றும். பல வருடமாக வைத்திருக்கும் நிலத்துக்கும் முதலீட்டுக்கும் இண்டெக்சேஷன் போட்டு, வரியே வராது என்று கணக்கு வைத்திருந்தவர்களுக்கு அடிதான். ஆகஸ்ட் 16-இல் சட்டமானது, செப்டம்பர் காலாண்டில் எழுத வேண்டும். பஜாஜ் ஆட்டோ தன் முதலீடுகளுக்காக 211 கோடி ரூபாய் டெஃபர்டு டாக்ஸ் செலவு எழுதியது அந்தக் காலாண்டில்தான். எனவே வரிச் சீர்திருத்தம் என்று செய்தி வந்தால் விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள், எதைக் கழிக்கலாம் என்ற விதி மாறினாலும் பேலன்ஸ் ஷீட் அசையும்.

ஒரு விஷயம் கணக்கைச் சேர்ந்ததா நிர்வாகத்தைச் சேர்ந்ததா என்று தெரியாது, ஆனால் சொல்லாமல் விட முடியாது. 115பிஏஏ-க்கு மாறுவதற்குப் படிவம் 10-ஐசி என்று ஒன்றை வருமான வரித் தாக்கல் கெடுவுக்குள் ஆன்லைனில் கொடுக்க வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், புத்தகத்தில் 25.168-இல் வரி போட்டது, டெஃபர்டு டாக்ஸைத் திருத்தியது, ஆண்டறிக்கையில் மாறிவிட்டோம் என்று ஒரு பத்தி எழுதியது, வருமான வரிப் படிவத்திலும் ஆம் என்று டிக் செய்தது, 10-ஐசியை மட்டும் மறந்துவிட்டது. வரித்துறையின் கணினிக்குப் பத்தி தெரியாது, படிவம்தான் தெரியும். பழைய விகிதத்தில் வரியும் வட்டியும் கேட்டு நோட்டீஸ் வந்தது. அப்புறம் பார்த்தால் நாடு முழுக்க இந்தக் கூத்து, 2022 மார்ச்சில் வாரியமே இரக்கப்பட்டு, முதல் வருடத்துக்கு மட்டும் ஜூன் 30 வரை தாமதமாகக் கொடுக்கலாம் என்று சுற்றறிக்கை விட்டது. நடுவில் இருந்த மாதங்களில் அந்தக் கம்பெனியின் கணக்கரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

நீங்கள் கணக்கு எழுதுபவராக இல்லாமல் பங்கு வாங்குபவராக இருந்தால், ஆண்டறிக்கையில் வருமான வரிக் குறிப்பைத் தேடிப் பிடியுங்கள். அதில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். மேலே லாபம் பெருக்கல் சட்டப்படியான விகிதம், கீழே நிஜமாக எழுதிய வரி, நடுவில் இரண்டுக்கும் ஏன் வித்தியாசம் என்று ஒவ்வொன்றாக. வரி விகித மாற்றத்தின் விளைவு என்று ஒரு பதிவு அங்கே இருந்தால், அந்தத் தொகையை லாபத்திலிருந்து தனியே எடுத்து வைத்துவிட்டுப் பிறகு போன வருடத்தோடு ஒப்பிடுங்கள். அது கூட்டலாக இருந்தாலும் கழித்தலாக இருந்தாலும் இதே மரியாதைதான். பணப்புழக்க அறிக்கையில் கட்டிய வரி என்று ஒரு எண் இருக்கும், அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்த எண் கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்து வெளியே போனது.

அந்த வருடம் ஒரு மில்லின் போர்டு கூட்டத்தில் டெஃபர்டு டாக்ஸ் திருத்தத்தால் லாபம் 2 கோடி கூடியிருக்கிறது என்று நான் சொன்னதும், கூடுதலாக டிவிடெண்ட் கொடுக்கலாம் என்று இளையவர்கள் பேச ஆரம்பித்தார்கள். மில்லை ஆரம்பித்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இந்த 2 கோடி எந்த பேங்கில் இருக்கிறது தம்பி என்று என்னைக் கேட்டார். எந்த பேங்கிலும் இல்லைங்க ஐயா என்றேன். அப்படியா, சரி, அடுத்ததுக்குப் போங்கள் என்றார்.